நீ கேட்டு வாங்கிய சின்ன உருண்டை

இன்று காலை கேகாலை பஸ்ஸில் ஒரு பெண் ஒட்டுப்பால் சாக்கோடு ஏறிவிட்டாள். றப்பர் மரத்து வெட்டிலும் சிரட்டையிலும் காய்ந்து ஒட்டிக்கிடக்கிற பாலை உரித்து மூட்டை கட்டினால் எப்படி நாறும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. "கந்தய், கந்தய்! பஹிண்ட அம்மே!" நாறுகிறது, இறங்கு என்று கண்டக்டர் சிங்களத்தில் கத்தினான். முன்சீட்டுக்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். அவள் இறங்குகிற ஆளாக இல்லை. உங்கள் வீட்டுக் குசினியில் றப்பர் ஷீட் தொங்கவில்லையா என்று சிங்களத்திலேயே திருப்பிக் கேட்டாள். பஸ்ஸில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். கண்டக்டர் முணுமுணுத்துக்கொண்டே சாக்கைப் பின்பக்கம் இழுத்துப் போட்டான்.

நான் மூக்கைப் பொத்தவில்லை. அதற்காக அதை வாசம் என்று எழுதி உன்னைக் குஷிப்படுத்தவும் மாட்டேன். நாற்றம் நாற்றம்தான். ஆனால் நீ இருந்தவரைக்கும் வரிசை வீடுகளான நம் லயத்தின் நடுச்சுவருக்கு மேலால் தினமும் என் காம்பராவுக்குள் வந்த நாற்றம் அது. "குளிச்சிட்டு அப்புறமா வாடி" என்று நான் கத்துவேன். நீ வேண்டுமென்றே வந்து என் கட்டிலில் உட்காருவாய். பஸ்ஸில் அதை நினைத்தபோது எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. நீ போய் இவ்வளவு காலமாகியும் உன்மேல் இருக்கிற கோபம் ஆறவில்லை என்பது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. நேரில் ஏசி முடிக்காததை எழுதியாவது தீர்க்கலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நீயும் நானும் ஒரே லயத்தில் பிறந்தவர்கள். நீ பால் வெட்டப் போனாய். நான் கொஞ்சம் எழுத்து வாசனை உள்ளவள் என்று பிள்ளைக் காம்பராவில் பிள்ளை பார்க்கப் போட்டார்கள். விடிந்தும் விடியாமலும் கத்தியும் வாளியுமாக நீ மலைக்குப் போகும்போது உன் மகள் கலாவை என் கையில் தந்துவிட்டுப் போவாய். அவள் என் தொட்டிலில்தான் வளர்ந்தாள். உன் வீட்டுக்காரர் கசிப்பைக் குடித்தே போய்ச் சேர்ந்த பிறகு உன் வீட்டிலிருந்து செக்ரோல் என்கிற வேலையாள் பதிவேட்டில் இருந்த பேர் உன்னுடையது ஒன்றுதான். தோட்டத்தில் செக்ரோலில் பேர் இருந்தால்தான் லயத்தில் காம்பரா. பேரை வெட்டிவிட்டால் அந்த வீட்டிலிருந்து இன்னொருவர் வேலைக்குப் பேர் பதிய வேண்டும், இல்லாவிட்டால் இடத்தைக் காலி பண்ண வேண்டும். அதை யாரும் நமக்கு உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை. உன் வீட்டில் இன்னொருவர் என்றால் கலா. அவளோ ஸ்கொலர்ஷிப் பாஸ் பண்ணி டவுன் பள்ளிக்கூடத்துக்குப் போய்க்கொண்டிருந்தாள். "இவ கையில கத்தி ஏறக்கூடாது புள்ள" என்று நீ சொல்லாத நாள் இல்லை.

நாற்பதைத் தாண்டியதும் உனக்கு இடுப்பில் வாதம் வந்தது. முதலில் காலையில் எழும்பும்போது மட்டும் இடது இடுப்பு பிடித்தது. பிறகு வலி தொடைக்கு இறங்கியது. தோட்டத்து மருந்து ஐயா வெள்ளைக் குளிசை தந்தார், தைலம் தந்தார், கடைசியில் கையை விரித்தார். ஒரு மரத்துக்கும் அடுத்த மரத்துக்கும் இடையில் நீ காலை இழுத்துக்கொண்டு போவதைப் பிள்ளைக் காம்பரா வாசலில் இருந்து பார்ப்பேன். வெட்டு நிலத்தோடு இருக்கிற மரங்களில் குந்தித்தான் வெட்ட வேண்டும். குந்திவிடுவாய், ஆனால் எழும்பும்போது மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டுதான் எழும்புவாய்.

"என்னா புள்ள, மரத்தோடயா குடித்தனம்?" என்று கேட்டேன் ஒருநாள்.

"இது குடிக்காதுல்ல" என்றாய்.

எக்ஸ்-ரே எடுத்துப் பார்த்தபோது மூட்டில் இருக்கிற வழுவழுப்பெல்லாம் தேய்ந்து எலும்போடு எலும்பு உரசிக்கொண்டிருந்தது. ஆர்த்ரைட்டிஸ் என்றார்கள். இடுப்பு மூட்டை மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை என்று பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள்.

ரம்புக்கனையில் ரயில் ஏறிப் போனோம். அது சண்டைக் காலம். ஸ்டேஷனில் ஐடென்டிட்டி கார்டை வாங்கிப் பேரைப் பார்த்த ஆமிக்காரன் நம் இருவரையும் ஓரமாக நிற்கச் சொன்னான். நீ அவனைப் பார்த்து, "மகே கக்குல ரிதெனவா, புத்தே" என்று தொடங்கினாய். கால் வலிக்கிறது மகனே என்று தொடங்கி, அவன் எந்த ஊர், அம்மா சுகமா, அவருக்கும் மூட்டு வலி இருக்கிறதா என்று கேட்டு முடிக்கும்போது அவன் உனக்கு பெஞ்ச் இழுத்துப் போட்டிருந்தான். உன்னுடைய சிங்களம் அப்படி. நுவரெலியாப் பக்கத்து நம் பெண்கள் டொக்டரிடம் போனால் சிங்களம் தெரிந்த யாரையாவது துணைக்குக் கூட்டிக்கொண்டு உள்ளே போவார்கள். நம் பக்கத்தில் அந்தப் பழக்கம் கிடையாது, அதற்குத் தேவையும் இல்லை. "எனக்கு வாயா இல்ல? நீ இங்கேயே இரு" என்று என்னை வெளியே உட்கார வைத்துவிட்டு நீ மட்டும் டொக்டரிடம் போனாய். அவ்வளவு நன்றாகச் சிங்களம் பேசியதுதான் உனக்கு வினையாகப் போனது.

திரும்பி வரும்போது ரயிலில் உனக்கு ஒரே உற்சாகம். டொக்டர் மேசையில் இரண்டு உருண்டைகளை வைத்துக் காட்டினாராம். பளபளவென்ற இரும்பு உருண்டை. அதை ஒரு கம்பியின் தலையில் பொருத்தி, கம்பியைத் தொடை எலும்புக்குள் இறக்குவார்களாம். உருண்டை உட்கார்ந்து சுழல்வதற்கு இடுப்புப் பக்கம் ஒரு பிளாஸ்டிக் கிண்ணம். ஒரு உருண்டை நெல்லிக்காய் அளவு, மற்றது எலுமிச்சங்காய் அளவு.

"சின்னது கிண்ணத்தைத் தேய்க்காதாம் புள்ள. இருபது வருஷங்கூட ஓடுமாம். ஆனா குந்துனா, காலை மடக்கித் திருப்புனா நழுவிருமாம். பெருசு லேசுல நழுவாது. ஆனா கிண்ணம் சீக்கிரம் தேஞ்சிரும், பத்து வருஷத்துல திரும்பக் கிழிக்க வேண்டி வந்தாலும் வரும்னாரு. உனக்கு எது வேணும்னு கேட்டாரு. என்னையக் கேட்டாரு!"

"நீ என்னா சொன்ன?"

"சின்னதுன்னுதான். நாம எதை வாங்குனாலும் நாள் நிக்கிறதைத்தானே பாத்து வாங்குவோம்?"

அது உண்மை. வரக்காப்பொலவில் ஒரு பிளாஸ்டிக் வாளி வாங்கவே நீ தட்டிப் பார்ப்பாய், நெளித்துப் பார்ப்பாய், வெயிலில் பிடித்துப் பார்ப்பாய். பாவம், அதை விட்டுவிடுங்கள் அம்மா என்று கடைக்காரன் கும்பிடும்வரை விடமாட்டாய். செருப்பாக இருந்தாலும் குடையாக இருந்தாலும் எவ்வளவு காலம் உழைக்கும் என்பதுதான் உன் முதல் கேள்வி, கடைசிக் கேள்வியும் அதுதான். உடம்புக்குள் வைக்கிற சாமானையும் அப்படியே வாங்கிவிட்டு வந்தாய்.

"பால் வெட்டுறேன்னு சொன்னியா?" என்று கேட்டேன். அதை நான் கேட்டது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

"சொல்லாம இருப்பேனா? கால் ஆறுனதும் வெட்டலாமாம். குந்தாம வெட்டச் சொன்னாரு" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். களைப்பு என்று நினைத்தேன்.

ஒப்பரேஷன் நல்லபடியாகத்தான் முடிந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். நீ வீட்டுக்கு வந்த பிறகு கக்கூஸில் குந்தக்கூடாது என்பதற்காக, தச்சு வேலை செய்கிற என் தம்பி ஒரு றப்பர் பலகைக் கதிரையின் நடுவில் ஓட்டை போட்டுக் கொண்டுவந்தான். லயத்தில் இருந்த அத்தனை பேரும் அதைப் பார்க்க வந்தார்கள். "பங்களாத் துரைசாணிகூட இப்படி உக்காந்திருக்க மாட்டா" என்று நீ அதில் சேலையோடு உட்கார்ந்து காட்டினாய். செங்கல் அடுக்கி உன் அடுப்பை உயர்த்தினோம். கொஞ்ச நாளில் கம்பையும் விட்டுவிட்டு லயத்து வாசலில் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிவரை நடந்தாய். "வலி இல்லாம நடக்கிறதுன்னா என்னான்னே மறந்துபோச்சு புள்ள" என்றாய். உன்னைப் பார்த்து நான் சந்தோஷத்தில் அழுதது அந்த ஒரு நாள்தான்.

பிறகு மலைக்குப் போனாய். கங்காணி இரக்கமுள்ள மனிதர். நீ குனியத் தேவையில்லாமல் புதிதாகத் திறந்த மரங்களாகப் பார்த்து உனக்குப் பிரித்துக் கொடுத்தார். புது மரத்தில் முதல் வெட்டு நெஞ்சுக்கு நேராக விழும். நின்றபடியே வெட்டலாம். ஆனால் பால் வெட்டு நின்ற இடத்தில் நிற்குமா? ஒவ்வொரு தடவையும் பட்டையில் ஒரு நூல் அளவு சீவினால்தான் பால் வரும். வெட்டும் அந்த நூல் அளவு கீழே இறங்கும். வருஷத்துக்கு ஒரு சாண் இறங்கிவிடும். நிலத்தைத் தொட்ட பிறகுதான் மரத்தின் மறுபக்கத்தைத் திறப்பார்கள். இது உனக்குத் தெரியாததா? எல்லாம் தெரிந்துகொண்டுதான் போனாய்.

நெஞ்சுக்கு நேரே இருந்த வெட்டு வயிற்றுக்கு வந்தது. அடுத்த வருஷம் தொடைக்கு வந்தது. அப்போது இடது காலைப் பின்னால் நீட்டி, வலது காலில் பாரம் போட்டு, உடம்பைச் சரித்து வெட்டப் பழகினாய். முழங்காலுக்கு வந்தபோது கலா ஏ.எல். வகுப்பில் இருந்தாள். "கங்காணிகிட்ட சொல்லி மரத்தை மாத்து" என்றேன்.

"சொன்னா ஏன்னு கேப்பாரு. ஏலாதவன்னு ஆபீசுக்குப் போயிரும்" என்றாய். "நான் பாத்துப் பாத்துத்தான் வெட்டுறேன்."

ஒருநாள் மலையிலிருந்து ஆள் ஓடி வந்தது. நீ ஒரு மரத்தடியில் கிடந்தாய். வாளி கவிழ்ந்து உன் உடுப்பெல்லாம் பால். இடது கால் குட்டையாகி, பாதம் உள்பக்கம் திரும்பியிருந்தது. நீ போட்ட சத்தத்தை நான் இங்கே எழுதப் போவதில்லை. பால் லொறியில் பலகை போட்டு உன்னைக் கொண்டுபோனோம். பெரிய ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து கொடுத்து, காலை இழுத்து, உருண்டையைத் திரும்பக் கிண்ணத்துக்குள் போட்டார்கள்.

மறுநாள் அதே டொக்டர் உன் கட்டிலுக்கு வந்தார். வீட்டில் சும்மா இருக்கிற உனக்கு எப்படி இது நழுவியது என்று சிங்களத்தில் கேட்டார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. சும்மா இருக்கிறவளா? நான் உன்னைப் பார்த்தேன். நீ என்னைப் பார்க்கவில்லை. அவர் உன் கையைப் பிடித்துத் திருப்பினார். பால் பட்டுப் பட்டுக் கறுத்த விரல்கள். தலைமயிரில் காய்ந்த பால் இன்னும் இழை இழையாக ஒட்டிக்கொண்டிருந்தது. அவரும் கேகாலைப் பக்கத்து மனிதர்தான் போலிருக்கிறது.

"அம்மே, றபர் கப்பனவாத?"

நீ கையை இழுத்துப் போர்வைக்குள் வைத்துக்கொண்டாய். அவர் என்னைப் பார்த்தார். "ஓவ், டொக்டர். பால் வெட்டுறவதான்" என்றேன்.

அவர் கத்துவார் என்று நினைத்தேன். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். முதல் நாளே உன்னிடம் என்ன வேலை என்று கேட்டிருக்கிறார். "கெதர இன்னவா" என்றிருக்கிறாய். வீட்டில்தான் இருக்கிறேன், மகள் பார்த்துக்கொள்கிறாள், கதிரையிலேயேதான் உட்கார்ந்திருப்பேன் என்றிருக்கிறாய். மலையில் குந்தி எழும்புகிற பெண் என்று தெரிந்திருந்தால் நான் சின்னதைக் காட்டியிருக்கவே மாட்டேன், பெரியதைத்தான் போட்டிருப்பேன், சில வருஷம் குறைந்தாலும் அது உன்னைத் தாங்கியிருக்கும் என்றார். அவரிடம் வேலையே இல்லை என்று சொன்னாய். என்னிடம் அவர் வேலை செய்யச் சொன்னார் என்று சொன்னாய். இரண்டு பேரும் உன்னை நம்பினோம்.

இனி மலை வேலை கூடாது, இருந்து செய்கிற வேலை கொடுக்கவும் என்று தோட்டத்துக்கு ஒரு துண்டு எழுதித் தந்தார். வீட்டுக்கு வந்ததும் அதை என் கண் முன்னாலேயே அடுப்பில் போட்டாய்.

"பைத்தியமாடி உனக்கு?"

"இருந்து செய்ற வேலைன்னு இந்தத் தோட்டத்துல என்னா இருக்கு? புள்ளக் காம்பரா ஒண்ணு இருக்கு. அதை எனக்குத் தந்துட்டு நீ மலைக்குப் போறியா?"

நீ தணிந்த குரலில் சொன்னாய்: "டொக்டர்கிட்ட பால் வெட்டுறேன்னு அன்னிக்கே சொல்லியிருந்தா அன்னிக்கே இந்தத் துண்டு வந்திருக்கும். துண்டு வந்தா பேரு போயிரும். பேரு போனா கலா கத்தியைத் தூக்கணும். அவ பரிட்சை எழுதுற வரைக்கும் இந்த உருண்டை நிக்கட்டும். அதுக்கப்புறம் கழண்டா கழண்டு போகுது."

இங்கேதான் உன்னை ஏச வேண்டும். பரிட்சை எழுதும்வரைக்கும் என்றால் நீ ஒப்பரேஷன் செய்த நாளிலிருந்து ஐந்தாறு வருஷம்தானே? பெரியது பத்து வருஷம் தாங்கும் என்று அந்த மனிதர் சொன்னாரே! உனக்கு வேண்டியிருந்தது நழுவாத ஐந்தாறு வருஷம். நீ கேட்டு வாங்கியது கதிரையில் உட்கார்ந்திருக்கிறவளின் இருபது வருஷம். உனக்கு எது வேண்டும் என்று உன் வாழ்க்கையில் ஒரே ஒருத்தர் கேட்டார். அவரிடம் போயா பொய் சொல்வாய்? கங்காணியிடம் சொல், கணக்கப்பிள்ளையிடம் சொல், துரையிடம் சொல். அவர்களிடம் நாம் எல்லோரும்தான் சொல்கிறோம். தொப்பி போட்டவனுக்கும் கோட்டுப் போட்டவனுக்கும் ஒரே பதிலைச் சொல்லிப் பழகிய வாய் நமக்கு. அவர்கள் எல்லோரும் ஒரே ஆபீசில் உட்கார்ந்து நம்மைப் பற்றிப் பேசிக்கொள்கிறார்கள் என்று நினைப்பு.

அடுத்த மழை முடிந்ததும் திரும்பவும் மலைக்குப் போனாய். வெட்டு நிலத்துக்குக் கிட்ட வந்துவிட்டது. சரிந்து வெட்ட இனி இடமில்லை. குந்தித்தான் வெட்டியிருக்கிறாய். இரண்டாம் முறை நழுவியபோது நீ சத்தம் போடவில்லை. இரண்டு பெண்கள் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து படுக்க வைத்தார்கள். சுளுக்கு என்றாய். நான் போர்வையைத் தூக்கிப் பார்த்தேன். கால் முன்போலவே திரும்பிக்கிடந்தது.

கலாவுக்குப் பரிட்சை நடந்துகொண்டிருந்தது.

"ஆஸ்பத்திரிக்குப் போனா அவ பேப்பர் எழுத மாட்டா. முடியட்டும்" என்றாய். அவள் பள்ளிக்கூடத்திலிருந்து வரும்போது வயிற்றுவலி என்று சொல்லி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாய். நான் சண்டை போட்டேன், கெஞ்சினேன், உன்னைக் கேட்காமல் கிராமத்து வெதமஹத்தயாவைக் கூட்டிவந்தேன். முறிவு நெரிவு பார்க்கிற அந்த மனிதர் தழும்பைப் பார்த்ததும் கையை எடுத்துவிட்டார். "இதுக்குள்ள யகட, இரும்பு இருக்கு. நான் தொட்டா பாவம். இப்பவே கொண்டு போங்க" என்றார். நீ அவரையும் சிரித்துப் பேசி அனுப்பிவிட்டாய். கடைசிப் பேப்பர் முடிந்த அன்றைக்குத்தான் லொறி கூப்பிட விட்டாய். அப்போது உனக்குக் காய்ச்சல் கொதித்தது.

இழுத்துப் போட முடியாது என்று இந்தத் தடவை கிழித்தார்கள். பெரிய உருண்டை கடைசியில் உனக்குக் கிடைத்தது. ஆனால் காயம் ஆறவில்லை, சீழ் வைத்தது. கம்பி, கிண்ணம், உருண்டை என்று போட்டதையெல்லாம் திரும்ப எடுத்தார்கள். இடுப்பில் மூட்டே இல்லாமல் கிடந்தாய். காய்ச்சல் இறங்கவில்லை. "கலா எல்லாப் பேப்பரும் எழுதிட்டாளா?" என்று கேட்டாய். எழுதிவிட்டாள் என்றேன். "அப்ப சரி" என்றாய். என்ன சரி? எதுவும் சரியில்லை என்று உன் முகத்துக்கு நேரே சொல்ல வாயெடுத்தேன். உன்னைப் பார்த்ததும் சொல்ல மனம் வரவில்லை.

நீ கண்ணை மூடிய பிறகுதான் ரிசல்ட் வந்தது. கலா மூன்று பாடமும் பாஸ். கம்பஸுக்குப் புள்ளி போதாது. டீச்சர் வேலைக்கு எழுதிப் போட்டாள், பதில் வரவில்லை. அதற்குள் காம்பராவைக் கேட்டு ஆபீசிலிருந்து ஆள் வந்துவிட்டது. நான் தடுக்கப் போகுமுன் அவளே போய்ப் பேர் பதிந்துவிட்டு வந்தாள். உன்னுடைய மரங்களையே அவளுக்குக் கொடுத்திருக்கிறார்கள். மறுபக்கம் திறந்தாகிவிட்டது. "பயப்படாதீங்க சித்தி, நான் நின்னுக்கிட்டேதான் வெட்டுறேன்" என்கிறாள். வெட்டு இப்போது அவள் நெஞ்சுக்கு நேரே இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். போன வருஷம் மேல் லயத்து செல்லம்மாவுக்கும் இடுப்பு போய்விட்டது. அதே ரயில், அதே ஆஸ்பத்திரி. இந்தத் தடவை நான் வெளியே உட்காரவில்லை, அவள் பின்னாலேயே உள்ளே போனேன். இப்போது வேறு டொக்டர், இளம் வயது. என்ன வேலை என்று கேட்டார். செல்லம்மா கையைக் கட்டிக்கொண்டு, "கெதர இன்னவா" என்றாள். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. "நேஹே டொக்டர்" என்றேன். பால் வெட்டுகிறாள், நாள் முழுதும் குந்தி எழும்புகிறாள், கக்கூஸிலும் குந்துகிறாள், வீட்டில் கதிரையே கிடையாது என்று எல்லாவற்றையும் சிங்களத்தில் போட்டு உடைத்தேன். அவர் கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டார். பெரிய உருண்டைதான் என்று முடிவு செய்தார். தோட்டத்துக்குத் துண்டும் எழுதினார்.

அவள் பேரை வெட்டிவிட்டார்கள். கொழும்பில் கடையில் நின்ற அவள் மகன் வேலையை விட்டுவிட்டு வந்து தோட்டத்தில் பேர் பதிந்தான். "என் குடியைக் கெடுத்துட்டீங்க" என்று செல்லம்மா லயத்து வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றினாள். அதற்குப் பிறகு என்னோடு பேச்சு இல்லை. அவள் சொன்னது பொய் என்று நான் யாரிடமும் வாதாடவில்லை.

தினமும் காலையில் அவள் கோயிலுக்குப் போகும்போது பிள்ளைக் காம்பராவைத் தாண்டித்தான் போக வேண்டும். கம்பு இல்லாமல், நொண்டாமல், நிமிர்ந்து நடக்கிறாள். என் வாசல் வந்ததும் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்கிறாள். வளைவில் மறையும்வரை நான் அவளைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். நீயும் இப்படி முகத்தைத் திருப்பிக்கொண்டு என்னைத் தாண்டிப் போயிருக்கலாம், சாகும்வரைக்கும் ஒரு வார்த்தை பேசாமல் இருந்திருக்கலாம். அந்தக் கோபத்தைத்தான், டொக்டரின் அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்த அன்றைக்கு, உன்னிடம் சம்பாதிக்காமல் விட்டுவிட்டேன்.